அடிமேல் அடி வானொலியின் ஒரே நேயர்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பி சவுண்டுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஊரார் லிப்டையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு உன் வயிற்றை மட்டும் நடுமாடியில் நிறுத்தி வைத்திருக்கிறாயா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். என் போன் ரிப்பேரில் இருக்கிறது. கடைக்காரர் "ரெண்டு நாள்ல குடுத்துடறேன்" என்றார். எந்த இரண்டு நாள் என்று சொல்லவில்லை. அதுவரை கடிதம்தான். பதினோரு வருஷமாகத் தபால் அலுவலகத்தில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து யார் யார் பெட்டிக்கோ முத்திரை குத்துகிறேன். சொந்தத் தம்பிக்கு ஓர் உறை ஒட்டினால் குறைந்தா போய்விடுவேன்?

அப்பாவைப் பற்றி நீ கேட்கமாட்டாய். கேட்காவிட்டாலும் எழுதுவேன். ஓய்வு பெற்று, பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து வருஷம் ஆகிறது. இன்னும் விடியற்காலையில் எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுவிட்டு, எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். காது ரொம்ப மோசம். முப்பத்தொரு வருஷம் என்ஜின் பக்கத்தில் வெந்த காது. மெஷின் வைக்கலாம் என்றால், "என் காது நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் எல்லாரும் முணுமுணுக்கறீங்க" என்கிறார். அவர் கணக்குப்படி ஊரே சேர்ந்து முணுமுணுக்கிறது.

நீ கதவை அறுத்து ஸ்பீக்கர் பெட்டி செய்த அலமாரிக்கு இன்னும் கதவு போடவில்லை. துண்டு தொங்குகிறது. "இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்த டமடம இருக்கணும்" என்று அவர் கத்தியது, "அவரா கூப்பிடாம இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று நீ கத்தியது, இரண்டும் மூன்று வருஷமாக அந்தத் துண்டுக்குப் பின்னால் மடிந்து கிடக்கின்றன. நீங்கள் இருவரும் அம்மியும் குழவியும் மாதிரி கல்லாகவே இருங்கள். நடுவில் அரைபடுவது நான்தான்.

அந்த ரேகைப் பாட்டு ரேடியோ நன்றாக நடக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். எந்த நேரத்தில் நீயே வந்து பேசுவாய் என்றும் எழுது. அதுவும் சும்மாதான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். முட்டி மட்டும் வலிக்கிறது. நகரம் முழுக்க லிப்ட் ரிப்பேர் செய்கிறவன் தன் அறைக்கு மூன்று மாடி ஏறிப் போகிறான், ஏனென்றால் இந்தக் கட்டடத்தில் லிப்ட் இல்லை.

ரேகை இல்லை அக்கா, ரெகே. ரேகை கையில் இருப்பது. ரெகே தொலைதூரத் தீவு ஒன்றில் பிறந்தது. ஆற அமர நடக்கும், அடியில் பேஸ் என்கிற கனத்த சத்தம் நெஞ்சைத் தட்டும். அதன் துடுக்குத் தம்பிதான் டான்ஸ்ஹால். என் ஆன்லைன் ரேடியோவில் இந்த இரண்டும்தான். பெயர் 'அடிமேல் அடி வானொலி'. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அது. வாரம் முழுக்கப் பாட்டு தானாக ஓடும். ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை நானே வந்து பேசுவேன். பழைய நிலையங்கள் போல 'நேயர்கள் கடிதம் எழுதலாம்' என்று என் அறை முகவரியைக்கூடப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். ஆசை யாரை விட்டது?

கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா. பேஸ் ஏறினால் துடைப்பக் கட்டையால் கூரையில் இடிப்பார். இந்த இசையில் ஒரு மரியாதை உண்டு: பாட்டு பிரமாதமாக இருந்தால் ஆட்கள் சுவரைத் தட்டுவார்கள். உடனே பாட்டை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். அதனால் அவர் தட்டும்போதெல்லாம் நான் "ஹோல்டான்!" என்று கத்தி நிறுத்தி, "ரைட், ரைட்!" என்று மறுபடி போடுகிறேன். அவர் இன்னும் பலமாகத் தட்டுகிறார். இன்னொரு முறை போடுகிறேன். இதற்கு முடிவே இல்லை.

கேட்பவர்கள் எத்தனை பேர் என்று திரையில் வரும். இரண்டு வருஷமாக 'ஒன்று' என்று வருகிறது. அது என்னுடைய பழைய லேப்டாப் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் அதை மூடிவிட்டுப் பார்த்தேன். பூஜ்யம்தான் வந்தது, துக்கமாகிவிட்டது. ஆனால் இந்த மாதம் லேப்டாப் மூடியிருக்கும்போதே ஒன்று என்று வருகிறது. காலை ஐந்தரைக்கு ஏறுகிற ஆள் ராத்திரி வரை இறங்குவதே இல்லை.

அப்பாவைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. காது டாக்டரிடம் கடைசியாக எப்போது போனார்?

அன்புடன்,
சவுண்டு

பின்குறிப்பு: உன் போனுக்கு அடித்துப் பார்த்தேன். ரிப்பேரில் இருக்கும் போன் நன்றாக ரிங் போகிறதே?


மார்ச் 14

மதிப்பிற்குரிய அடிமேல் அடி நிலையத்தார் அவர்களுக்கு,

தாங்களும் நிலையத்தின் மற்ற ஊழியர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடம் நேயர் சுகம்.

பொருள்: பாட்டுகள் நடுவழியில் நிற்பது குறித்து.

கடந்த ஞாயிறு 10.14க்குப் புறப்பட்ட பாட்டு ஒரு நிமிடம்கூட ஓடவில்லை, தாங்கள் 'ஹோல்டான்' என்று கூவி நிறுத்திவிட்டீர்கள். பிறகு 'ரைட், ரைட்' என்று சொல்லிப் புறப்பட்ட இடத்திலிருந்தே எடுத்தீர்கள். 10.16க்கு மறுபடி ஹோல்டான். இப்படி மூன்று முறை. நான்கு நிமிடப் பாட்டு 10.25க்குத்தான் வந்து சேர்ந்தது. இந்தத் தாமதத்துக்கு மேலதிகாரியிடம் விளக்கம் கொடுத்தீர்களா? பழுது வண்டியிலா, ஓட்டுகிறவரிடமா?

மேலும், 'ஹோல்டான்', 'ரைட்' இரண்டும் தொழில் சொற்கள். விசிலும் தோல்பையும் வைத்திருக்கிறவர் சொல்ல வேண்டியவை. அவற்றைப் பாட்டுக்கு நடுவில் எதிரொலியோடு கத்துவது ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் கேலி செய்வது என்று இங்கே பலர் கருதுகிறார்கள். (பலர் இல்லை, ஒருவர். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. - எழுதியவர்.)

தங்கள் டான்ஸ் ஹால் எந்தத் தெருவில் உள்ளது, எத்தனை பேர் உட்காரலாம் என்பதையும் தெரிவிக்கவும்.

குறையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கக்கூடாது. மற்ற நிலையங்களில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். தங்கள் நிலையத்து அடிச்சத்தம் ஒன்றுதான் எனக்கு முழுசாகக் கேட்கிறது. காதில் கேட்கிறது என்று சொல்லமாட்டேன். மேஜைமேல் முழங்கையை ஊன்றினால் கேட்கிறது. ரேகை சங்கீதம் இவ்வளவு நிதானமாக, கியர் மாற்றுகிற சத்தமே இல்லாமல் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பதில் அனுப்ப வேண்டிய முகவரி: நேயர், பஸ் பணிமனை எதிரே உள்ள டீக்கடை.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு நேயர்

(சொன்னவர் வேறு, எழுதிய நான் வேறு. வேறு தாள் கிடைக்காததால் இதில் எழுதியிருக்கிறேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம்.)


மார்ச் 30

மதிப்பிற்குரிய நேயர் அவர்களுக்கு,

தாங்கள் இதே சுகத்தோடு நீண்ட நாள் இருக்க வேண்டும். நிலையத்தின் ஊழியர்கள் எல்லாரும் சுகம். எல்லாரும் என்பது நான்தான். மேலதிகாரியும் நான்தான், அவரிடம் விளக்கம் கொடுத்துவிட்டேன்.

டான்ஸ்ஹால் மண்டபம் இல்லை, இசையின் பெயர். எங்கள் மண்டபம் ஒரு கட்டில், ஒரு மேஜை, கீழே ஒரு துடைப்பக் கட்டை.

பாட்டை நிறுத்தி மறுபடி போடுவது பழுது இல்லை ஐயா, மரியாதை. பிடித்த பாட்டை அப்படியே ஓட விட்டுவிடக்கூடாது. நிறுத்தி, திரும்பப் போய், எல்லாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டும். இதற்கு அந்தத் தீவில் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. நான் பள்ளி விடுமுறையெல்லாம் ஒரு பஸ்ஸில், ஓட்டுநர் பக்கத்து என்ஜின் மூடியின்மேல் உட்கார்ந்தே கழித்தவன். அதனால் 'ஹோல்டான்' வந்துவிட்டது.

அந்த ஓட்டுநருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பஸ் புறப்பட்ட பிறகு யாராவது ஓடிவருவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தால் நிறுத்துவார். நிறுத்துவதோடு விடமாட்டார், பஸ்ஸைப் பின்னாலும் எடுப்பார். நடத்துநர் தலையில் அடித்துக்கொள்வார். "நின்னா போதாதா? பின்னாடி வேற போகணுமா?" என்பார். அதற்கு ஓட்டுநர் சொல்வார்: "ஓடி வர்றவனுக்குத் தெரியணும்ல, நம்மளப் பாத்துட்டாங்கன்னு."

நான் பாட்டைப் பின்னால் எடுப்பது அந்தப் பழக்கம்தான். கேலி இல்லை. கேலி என்று நினைத்தவரிடம் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

பணிவுடன்,
நிலையத்தார்


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே முட்டி வலி போய் இப்போது இடுப்புக்கு மாற்றல் வாங்கிக்கொண்டது.

எனக்கு ஒரு நேயர் கிடைத்திருக்கிறார். கடிதம் போட்டார். பாட்டு எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்து அனுப்புகிறார். ரெகேயைப் போய்க் கால அட்டவணை வைத்துக் கேட்கிற ஒரே ஆள் உலகத்தில் இவராகத்தான் இருப்பார். கொஞ்சம் மறை கழன்ற ஆசாமி என்று நினைக்கிறேன். உனக்கு என்ன தோன்றுகிறது?

உன் போனுக்கு மறுபடி அடித்தேன். யாரோ எடுத்தார். ஒன்றும் பேசவில்லை. அதுவரை என் திரையில் இருந்த 'ஒன்று' பூஜ்யமானது, வைத்ததும் மறுபடி ஒன்று ஆனது. உன் ரிப்பேர் கடைக்காரர் நம் ஆள் போலிருக்கிறதே!

அன்புடன்,
சவுண்டு


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே இருவரும் நலம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை. ஆமாம், கடைக்காரர் நல்ல ரசனை உள்ளவர். போன் இன்னும் அவரிடம்தான். ஏதோ ஒரு பாகம் வர வேண்டுமாம்.

அந்த நேயர் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ அவரை மறை கழன்றவர் என்றெல்லாம் எழுதாதே. வயதானவராக இருக்கலாம். மரியாதையாகப் பதில் போடு. போட்டுவிட்டாய் என்றால் முகவரியைச் சரியாக எழுதினாயா? அங்கே யாராவது தினமும் இரண்டு முறை டீக்கடைக்கு நடந்து நடந்து ஏமாந்து திரும்பக்கூடும். பொதுவாகச் சொல்கிறேன்.

இங்கே வேறு ஒரு தொல்லை. பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறது போலிருக்கிறது. நாள் முழுக்க டும் டும் என்று தரை அதிர்கிறது. சமையலறைப் பலகையில் டம்ளர்கள் தாமாக நகர்கின்றன. காலையில் வரிசையாக அடுக்கிவிட்டுப் போகிறேன், சாயங்காலம் வந்தால் எல்லாம் விளிம்பில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நேற்று ஒன்று குதித்தேவிட்டது. எதிர்வீட்டுக்காரி வந்து, "உங்க வீட்ல என்ன மாவு மெஷினா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். நான் பக்கத்து மனையைக் காட்டினேன். அங்கே வெறும் புல்தான் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்வது?

நீ விட்டுவிட்டுப் போன ஸ்பீக்கர் பெட்டியை அப்பா ஷூ மாட்ட உட்காரும் முக்காலியாக வைத்திருந்தாரே, அது இப்போது அந்த இடத்தில் இல்லை. எங்கே என்று கேட்காதே.

அன்புடன்,
அக்கா


மே 11

மதிப்பிற்குரிய நிலையத்தார் அவர்களுக்கு,

நலம்தானே? தங்கள் பதில் கிடைத்தது. டீக்கடையில் நின்றபடியே படிக்கப்பட்டது. (ஐந்து முறை. நான்தான் சத்தமாகப் படித்தேன். கடையில் இருந்த எல்லாருக்கும் இப்போது ரேகை தெரியும். - எழுதியவர்.)

தாங்கள் குறிப்பிட்ட ஓட்டுநர் பஸ்ஸைப் பின்னால் எடுத்தது விதிகளுக்கு மாறானது. அவருக்கு மெமோ கிடைத்திருக்க வேண்டும். இரண்டு முறை கிடைத்தது என்று கேள்வி. (மூன்று. - எழுதியவர்.)

தற்போதைய பொருள்: ஹாரன் குறித்து.

நல்ல பாட்டுக்கு முன்னால் தாங்கள் ஒரு ஹாரன் அடிக்கிறீர்கள். முதலில் இதைக் கவனிக்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை இணைத்து அதன்மேல் கை வைத்த பிறகுதான் தெரிந்தது. அது கடையில் விற்கிற ஹாரன் இல்லை. அடிக்கும் முன்னால் ஒருமுறை இருமும். பிறகு கம்மிய குரலில் ஊதும். கடைசியில் 'ம்' என்று ஒரு இழுப்பு இழுத்து நிற்கும். அந்த இருமல், குழாயில் ஓட்டை விழுந்து, அதை ஒருவர் தன் கையாலேயே சைக்கிள் டியூப் ஒட்டி அடைத்ததால் வருவது. அப்படி ஒரு ஹாரன் ஒரே ஒரு வண்டியில்தான் இருந்தது. அந்த வண்டியைப் பழைய இரும்புக்கு உடைத்தாகிவிட்டது.

அந்த ஹாரன் தங்களிடம் எப்படி வந்தது?

(இந்த இடத்தில் சொன்னவர் எழுந்துபோய்ப் பணிமனை வாசலைப் பார்த்துவிட்டு வந்தார். நான் இன்னொரு டீ சொன்னேன். - எழுதியவர்.)

மற்றபடி, நடுப்பாட்டில் யாரோ அடிக்கடி போன் அடித்து வண்டியை நிறுத்துகிறார்கள். அவரைக் கண்டிக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு நேயர்


ஜூன் 8

மதிப்பிற்குரிய நேயர் அவர்களுக்கு,

தங்கள் உடல்நலமும், தங்களுக்காக எழுதுகிறவரின் கையும் நன்றாக இருக்கட்டும்.

ஹாரனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் சொன்ன ஓட்டுநர் ஓய்வு பெற்ற நாளன்று பணிமனையில் மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். எல்லாரும் போன பிறகு அவர் தனியாக வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஒருமுறை ஹாரன் அடித்தார், இறங்கினார், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் பின்படிக்கட்டுப் பக்கம் நின்று போனில் பதிந்துகொண்டேன். அவருக்குத் தெரியாது. சொல்ல நினைத்தேன், அதற்குள் ஓர் அலமாரிக் கதவு குறுக்கே வந்துவிட்டது.

ரெகேயில் ஹாரன் அடிப்பது, 'இதோ பெரிய பாட்டு வருகிறது, எழுந்து நில்லுங்கள்' என்பதற்காக. என்னிடம் அதற்கு அதைவிடப் பெரிய சத்தம் இல்லை.

இன்னொரு செய்தியையும் தெரிவிக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசி ஞாயிறோடு அடிமேல் அடி வானொலியை நிறுத்துகிறேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை போட்டுவிட்டார்கள், கீழ்வீட்டு அம்மாவுக்கும் மூன்றாவது துடைப்பம். ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. ஒரே ஒரு நேயருக்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நடத்தலாம். அவர் யார் என்றே எனக்குத் தெரியாது என்று நடிப்பதுதான் முடியவில்லை.

பணிவுடன்,
நிலையத்தார்


ஜூன் 20

டேய் தம்பி,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். ரேடியோவை நிறுத்தாதே!

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லமாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், இருக்கட்டும். பொய் சொல்லிச் சொல்லி என் வாய் புளித்துவிட்டது. போன் ரிப்பேர் இல்லை. ஒருநாள்கூட ரிப்பேராக இருந்ததில்லை. ஜனவரி கடைசியில் உன் ரேடியோ எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க, மேஜைமேல் வைத்துப் போட்டேன். அப்பா எதிரில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று தாளை மடித்தார். முழங்கையைப் பார்த்தார். மேஜையைத் தடவினார். "இது என்ன? யாரு? முணுமுணுக்காம பேசறாங்களே" என்றார்.

நான் "தெரியலப்பா, ஏதோ நிலையம்" என்றேன். நீ என்று சொன்னால் அணைத்துவிடுவாரோ என்று பயம். அன்றைக்குப் போன போன், இன்னும் என் கைக்கு வரவில்லை. குளிக்கும்போதுகூட வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துக்கொள்கிறார். நீ அடித்தால் அவருக்கு ரிங் கேட்காது, பாட்டு நின்றதற்குக் கோபம் மட்டும் வரும். எடுத்துக் குலுக்கிவிட்டு வைத்துவிடுவார். டம்ளர் நகர்ந்ததற்கும் புல் காரணம் இல்லை, உன் பெட்டிதான் காரணம். கடிதம் எழுதியது அப்பாவோடு அதே பஸ்ஸில் ஓடிய கண்டக்டர் மாமா. தபாலில் போட்டது நான்.

ஹாரன் கேட்ட அன்றைக்குத்தான் அது நீ என்று அவருக்குத் தெரிந்தது. பெட்டிமேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன். திட்டவில்லை. அலமாரித் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அதே ஆணியில் மாட்டினார்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஷூ பாலிஷ் போடவில்லை. கண்டக்டர் மாமா, "எழுதித் தர்றேன், சொல்லுங்க" என்றால் வேண்டாம் என்று கையாட்டுகிறார். அவருக்குக் கேட்கிற ஒரே சத்தம் அது, தம்பி. என்மேல் கோபப்படு. அதை மட்டும் நிறுத்தாதே.

அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும்,
அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நலம். நீ அழாதே, உறை ஒட்டும் பசை வீணாகும்.

எனக்கு முதல் கடிதத்திலேயே தெரியும். 'பின்பக்கத்தைப் பார்க்க வேண்டாம்' என்று எழுதினால் எந்த மனிதன் பார்க்காமல் இருப்பான்? அது பஸ் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் குறிக்கிற அப்பாவுடைய பழைய டிரிப் ஷீட். அவர் கையெழுத்தே இருந்தது. டிரிப் ஷீட்டின் பின்னால் எழுதி, தாமதத்துக்கு விளக்கம் கேட்டு, கியர் சத்தம் இல்லை என்று பாராட்டுகிற நேயர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருக்க முடியும்? நீ வேறு, புல் முளைத்த மனையில் கட்டடம் கட்டுகிறாய். தபால்காரிக்குப் பொய் சொல்லவும் ஒரு முகவரி சரியாக இருக்க வேண்டாமா?

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் இறங்கிவிடுவாரோ என்று பயந்தேன். மூன்று வருஷத்தில் அவர் என்னோடு பேசியது அந்த இரண்டு தாள்தான். ஞாயிறன்று கீழ்வீட்டு அம்மா தட்டாத நாளில்கூட ஹோல்டான் கத்துகிறேன், அவருக்குக் கேட்கட்டும் என்று.

நிறுத்துகிறேன் என்று எழுதியது மிரட்டல் இல்லை அக்கா. அவர் எனக்கு நேயராக மட்டும் இருப்பது எனக்குப் போதவில்லை. எனக்கு என் அப்பா வேண்டும். கூப்பிடாமல் வரமாட்டேன் என்று அன்றைக்குக் கத்தியது நான்தான், முட்டாள்தனம்தான். ஆனால் கூப்பிடாமல் வந்தால், வாசலில் நின்று எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஓடிவருகிறவன் என்னவோ ஓடித்தான் வருகிறான். கண்ணாடியில் பார்த்துவிட்டார்களா என்று தெரியாமல் எவ்வளவு தூரம் ஓடுவது?

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டாதே. காட்டுவாய் என்று தெரியும்.

அன்புடன்,
சவுண்டு


ஜூலை 24

தம்பி சவுண்டுக்கு,

நான் சௌக்யம். நீயும் அப்படியே இரு. இந்தக் கடிதம் என் கையால் எழுதுவது. பிழை இருந்தால் பொருத்துக்கொள். கண்டக்டர் எழுதினால் நடுவில் நடுவில் அவன் வேறு ஏறிக்கொள்கிறான்.

நீ காட்டாதே என்று சொன்ன கடிதத்தை உன் அக்கா காட்டினாள்.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரிவர்ஸ் கியர் விழவில்லை. வயதான வண்டி. இப்போது விழுந்துவிட்டது. பின்னால் எடுக்கிறேன். வந்து ஏறிக்கொள்.

அலமாரிக்குக் கதவு கொண்டுவராதே. துண்டு பழகிவிட்டது. இன்னொரு பெட்டி செய்ய வேண்டும் என்றால் கட்டில் பலகை இருக்கிறது, அறுத்துக்கொள். ஒரே பெட்டியில் இடது பக்கம் மட்டும்தான் அதிர்கிறது.

ரேடியோவை நிறுத்தாதே. ஞாயிறு வேலை என்றால் சனிக்கிழமைக்கு மாற்று. நேரத்தை மட்டும் முன்கூட்டியே தெரிவி.

வரும்போது கதவைத் தட்டாதே, எனக்குக் கேட்காது. மணியும் கேட்காது. தெருவில் நின்று ஹோல்டான் என்று கத்து. நிறுத்துவேன்.

இப்படிக்கு,
~~ஒரு நேயர்~~
அப்பா